ஆந்தையின் டார்ச்

அத்தியாயம் 12

பழுதான டார்ச் ஒன்றை அம்மாவின் மேஜைமேல் வைத்துவிட்டு மகள் படியிறங்கிப் போனதைப் போன வாரம் பார்த்தோம்.

"மாமாவோடதும்மா. எரியவே மாட்டேங்குது. நீ பார்த்துக் குடு. நீதான் சரி பண்ணேன்னு அங்க மூச்சு விட மாட்டேன்."

அம்மா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்றிலிருந்து அந்த டார்ச் வைத்த இடத்திலேயே கிடந்தது. லென்ஸம்மா அதை விரலால்கூடத் தொடவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்கார வைப்பது அவள் வேலை. கடைக்கு வருகிறவர்கள் வைத்த பெயர் வீடுவரை வந்து ஒட்டிக்கொண்டது. கடை நேரம் போக மிச்சமெல்லாம் அவளுக்கு டார்ச்தான். சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வாசற்படி இறங்குகிற சின்ன டார்ச் அல்ல. இங்கே நின்று அடித்தால் அடுத்த தெரு மொட்டைமாடியில் காயும் துணியை எண்ணலாம், அப்படிப்பட்ட எல்.இ.டி. டார்ச்சுகள். கடையில் வாங்கியதை வாங்கியபடியே வைத்திருக்க அவளுக்கு மனம் வராது. பிரிப்பாள். உள்ளே இருக்கும் எல்.இ.டி.யைப் பெயர்த்துவிட்டு வேறொன்று வைப்பாள். மெல்லிய கம்பியை எடுத்துவிட்டுத் தடித்த கம்பி போடுவாள். மறுபடி மூடி, பொத்தானை அமுக்கி, சுவரில் விழும் வட்டத்தைப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரு டார்ச்சைத் தொடாமல் இருக்கிறாள் என்றால், காரணம் அதன் சொந்தக்காரர்.

மகளின் கல்யாணத்தன்று மேடை விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிந்தது. யாரைக் கூப்பிடுவது என்று ஆளாளுக்குக் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, லென்ஸம்மா புதுத்துணி கசங்க மேடைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அதைச் சரிசெய்தாள். கை துடைத்துக்கொண்டு முன்னால் வந்தபோது குடும்பப் படம் எடுத்து முடிந்திருந்தது. "எல்லாரும் வந்தாச்சு, எடுங்க" என்று படக்காரரை அவசரப்படுத்தியவர் பெயின்ட் கடைக்காரர். மாப்பிள்ளையின் அப்பா. பெண்ணைப் பெற்றவள் இல்லாமலே எல்லாரும் வந்தாச்சு.

அன்று முதல் சம்பந்தி வீட்டு வாசலை அவள் மிதிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. கணவர் நாற்காலியில் காலை மடக்கிப் போட்டுக்கொண்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். வாரம் முழுக்க ஹாரன் சத்தத்தில் கிடந்தவர் ஞாயிறு மட்டும் குரலைக்கூட உயர்த்த மாட்டார்.

"அந்த டார்ச் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"யாரோடதுன்னு தெரியும்ல?"

"தெரியும். அவர் மேல கோபம்னா அவர்கிட்ட காட்டு. இது வாயில்லாதது."

"சாயங்காலம் குவாரிக்குப் போகணும். எனக்கு நிறைய வேலை இருக்கு."

"உன் புது டார்ச்சைத் துடைச்சுத் துடைச்சுத் தேய்ச்சுட்ட. அதுல இன்னும் என்ன வேலை?"

அது உண்மைதான். 'விளக்குப் பைத்தியங்கள்' என்று கைப்பேசியில் ஒரு குழு. அவளைப் போன்றவர்கள் ஒரு கூட்டமாக அங்கே இருந்தார்கள். எல்லாருக்கும் புனைபெயர். அவள் மின்மினி. இத்தனை நாள் எழுத்திலேயே பழகியவர்கள் இன்று பொழுது சாயும்போது ஊருக்கு வெளியே உள்ள பழைய கல்குவாரியில் முதல்முறையாக நேரில் கூடுகிறார்கள். ஆந்தை வருவதாகச் சொல்லியிருந்தார். குழுவில் மற்றவர்களோடு பேசுவது ஒருபக்கம். ஆந்தையோடு பேசுவது ஒருபக்கம். எந்தப் பசை சூட்டைச் சீக்கிரம் கடத்தும், எந்த எல்.இ.டி. நிறத்தைப் பிசகாமல் காட்டும் என்று இருவரும் எழுதத் தொடங்கினால் அடுப்பில் வைத்தது தீய்ந்துவிடும்.

"சரி, திறந்துதான் பார்ப்போம்" என்று லென்ஸம்மா எழுந்தாள்.

ஜன்னலோரம் இருந்த அவளுடைய மேஜைக்குக் கணவர் வைத்த பெயர் ஆபரேஷன் தியேட்டர். அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு டார்ச்சின் தலையைத் திருகினாள். திருகு மறையில் பெயின்ட் காய்ந்து அடைத்திருந்தது. பச்சை, அதற்குமேல் மஞ்சள், அதற்கும்மேல் ஏதோ ஒரு வெளிர் நீலம். "கையைக் கழுவிட்டுத் தொட்டா என்னவாம்" என்று முணுமுணுத்தபடி சுரண்டி எடுத்தாள். கண்ணாடி வளையத்தைக் கழற்றினாள். ரிஃப்ளெக்டரைத் தூக்கி வெள்ளைத் துணியில் கவிழ்த்து வைத்தாள்.

உள்ளே பார்த்ததும் அவள் கை நின்றது.

எல்.இ.டி.க்குப் போகும் சிவப்புக் கம்பி துண்டாகியிருந்தது. அறுந்தது அறுந்த மாதிரி இல்லை. இழை பிரியாமல், மழமழவென்று, கட்டர் வைத்து நறுக்கிய வெட்டு.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி மற்ற முனையில் இருந்தது. கம்பியைப் பலகையில் பற்றவைத்த ஈயப் பொட்டு அரிசி மாதிரி நீளமாக, ஒரு பக்கம் சாய்ந்து, பளபளவென்று உட்கார்ந்திருந்தது. பின்மூடி ஸ்பிரிங்கைத் திருப்பிப் பார்த்தாள். மின்சாரம் தடையில்லாமல் ஓடுவதற்காக அதற்குள் ஒரு செம்புப் பின்னலை விட்டு, முனையில் சின்ன வளையம் போட்டிருந்தது. அந்த வளையத்தை உலகத்தில் ஒருத்திதான் அப்படிப் போடுவாள்.

"என்னங்க, இங்க வாங்க."

"டிரைவர் போயிடுச்சா?" கரண்டைக் கட்டுப்படுத்தும் அந்தப் பலகைக்கு டிரைவர் என்று பெயர். அது தெரிந்த நாளிலிருந்து அவர் இந்தக் கேள்வியை விடுவதாக இல்லை. "டிரைவர் இங்கதான் உட்கார்ந்திருக்கேன். ஞாயித்துக்கிழமை வண்டி எடுக்க மாட்டேன்."

"விளையாடாதீங்க. வந்து இதைப் பிடிங்க."

வெட்டுப்பட்ட இரு முனைகளையும் ஒரு கிளிப்பால் இணைத்துப் பிடிக்கச் சொல்லி, பேட்டரியை வைத்துப் பொத்தானை அமுக்கினாள். எல்.இ.டி. சின்னது, பெரியது, சின்னது என்று மூன்று சிமிட்டு சிமிட்டிவிட்டு, வெயில் நிறத்தில் நிதானமாக எரிந்தது.

லென்ஸம்மா நாற்காலியில் சாய்ந்துவிட்டாள்.

"என்னாச்சு?"

"இது நான் பண்ண டார்ச். இந்தச் சிமிட்டலை ஆந்தைக்குன்னே எழுதிப் போட்டேன். வேற யாருக்கும் போடல."

"சம்பந்தி கையில எப்படி வந்துச்சு?"

அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே யோசித்தாள். குழுவில் பார்சலெல்லாம் அதை நடத்துகிற சைக்கிள் கடைக்காரர் மூலமாகத்தான் போய்வரும். யார் எந்தத் தெரு, யார் என்ன தொழில் என்று ஒருவருக்கொருவர் தெரியாது. ஆந்தை எப்போது பார்த்தாலும் நிறம் நிறம் என்றே உயிரை விடுவார். சாதா டார்ச் அடித்தால் சுவரின் நிறமே மாறித் தெரிகிறது, நிறம் மாறாமல் காட்டுகிற வெளிச்சம் வேண்டும் என்று கேட்டுத்தான் இதைச் செய்யச் சொல்லி வாங்கினார். பெயின்ட் கலந்து கொடுக்கிறவரைத் தவிர வேறு யார் அப்படிக் கேட்பார்கள்?

கணவருக்கு மெதுவாக விஷயம் உறைத்தது. செய்தித்தாளை மடித்தார்.

"அப்போ இத்தனை நாளா நீ தினம் பேசிட்டிருந்தது சம்பந்தியோடயா? என்கிட்டகூட நீ அவ்வளவு பேசினதில்லையேம்மா."

"அது இல்லைங்க இப்போ விஷயம்." அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "நான் சம்பந்தியைப் பத்தி ஆந்தைகிட்டச் சொல்லியிருக்கேன்."

"என்னன்னு?"

"எல்லாம். போட்டோ, மேடை விளக்கு, எல்லாம்."

"திட்டினியா?"

"அந்த ஆளு பெயின்ட் டப்பா மாதிரி, மூடியைத் திறந்தா பக்கத்துல நிக்க முடியாதுன்னு எழுதினேன்."

கணவர் கொஞ்ச நேரம் அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை விரதத்தை மறந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

அதுவும் இப்போது நினைவுக்கு வந்தது. அன்று ஆந்தையிடமிருந்து வெகுநேரம் பதிலே வரவில்லை. பிறகு வந்தது இதுதான்: 'அந்த ஆளுக்கு அறிவு கம்மி. ஆனா நீங்க மேடைக்குப் பின்னால இருந்தது அவருக்குத் தெரியாம இருந்திருக்கும்.' அவருக்கு நீங்க வக்காலத்து வாங்க வேண்டாம் என்று இவள் கடுகடுத்திருந்தாள். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஆக, அவருக்கு அன்றே தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டு, வாயை மூடிக்கொண்டு, பசையைப் பற்றியும் பேட்டரியைப் பற்றியும் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். இப்போது தன் கையாலேயே கம்பியை நறுக்கி, மருமகளிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"ஏமாத்திட்டார்" என்றாள். சொல்லும்போதே உதட்டோரம் துடித்தது. கோபம்தானா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

"ஏமாத்தினாரா, கதவைத் தட்டுறாரா?" என்றார் கணவர். "சாயங்காலம் போறியா, இல்லையா?"

அவள் சால்டரிங் கருவியைச் சூடேற்றினாள். புதுக் கம்பி வெட்டி, நுனியைச் சீவி, ஈயம் பூசி, வைத்த இடத்தில் வைத்தாள். மெல்லிய புகை எழுந்தது. அரிசி மாதிரி ஒரு பொட்டு, ஒரு பக்கம் சாய்ந்து. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. டிரைவர் பலகையைக் கணினியோடு இணைத்து அதன் கட்டளைகளில் சின்னதாக ஒரு திருத்தம் செய்தாள். செய்யச் செய்ய அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்ன பண்ற?" என்றார் கணவர் சந்தேகமாக.

"வாங்க, வந்து பாருங்க. இன்னைக்கு நீங்களும் வர்றீங்க."

கல்லுடைப்பு நின்றுபோய்ப் பல காலமான குவாரி அது. மூன்று பக்கமும் செங்குத்தான பாறை, நடுவில் மழைத்தண்ணீர் தேங்கிய குளம். சூரியன் இறங்கிய கையோடு பள்ளத்துக்குள் இருட்டு சேர்ந்துவிட்டது. குளத்தின் இந்தக் கரையில் விளக்குப் பைத்தியங்கள் கூடியிருந்தார்கள். ஒருவர் பல் டாக்டர், ஒருத்தி லாரி ஓட்டுகிறவள், கைக்குழந்தையைத் தோளில் போட்டபடி ஒரு கணக்கு வாத்தியார். "நீங்கதான் மின்மினியா?" என்று ஓடிவந்து கைகுலுக்கினார்கள். புனைபெயரைச் சொன்னதும் முகத்தைப் பார்த்து, "நான் உங்களை ஒல்லியா நினைச்சிருந்தேன்" என்று ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டார்கள். லென்ஸம்மாவின் கணவரை எல்லாரும் விசாரித்தார்கள். "நான் டிரைவர்" என்றார் அவர். "எத்தனை ஆம்பியர்?" என்று பல் டாக்டர் கேட்க, கூட்டமே சிரித்தது. அவருக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று.

ஆந்தையைக் காணோம்.

"வர்றேன்னுதான் சொன்னார்" என்றார் சைக்கிள் கடைக்காரர். எதிர்ப் பாறையில் அவர் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டிருந்தார். யாருடைய வெளிச்சம் அதில் சிதறாமல் விழுகிறது என்பதுதான் போட்டி. ஒவ்வொருவராக அடித்தார்கள். சிலருடையது பாதிவழியில் களைத்தது. லாரிக்காரியின் டார்ச் பாறை முழுவதையும் பகலாக்கியதே தவிர துணியைத் தேடிக் கண்டுபிடிக்கவில்லை.

லென்ஸம்மாவின் முறை வந்தது. கடையில் தேய்த்த லென்ஸ் ஒன்றைத் தன் கையாலேயே பொருத்திய டார்ச். பொத்தானை அமுக்கினாள். நூல் பிடித்தது போல ஒரு கோடு குளத்தைத் தாண்டிப் போய்த் துணியின் நடுவில் குத்திட்டு நின்றது. கூட்டம் ஓவென்று கூவியது. அவளுக்கு அது போதவில்லை. கோட்டை மெல்ல இறக்கி, அக்கரைப் பாதையில் ஓடவிட்டாள்.

அங்கே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தி அவள் மகள். மகள் ஒருவர் கையைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டிருந்தாள். இழுபடுகிறவர் பருத்த மனிதர். இழுக்க இழுக்கப் பின்வாங்கிக்கொண்டிருந்தார். வெளிச்சம் மேலே விழுந்ததும் தோட்டத்தில் அகப்பட்டுக்கொண்ட மாங்காய்த் திருடன் மாதிரி அப்படியே நின்றுவிட்டார்.

லென்ஸம்மா டார்ச்சை அணைக்கவில்லை. அவர் குளத்தைச் சுற்றி வந்து சேரும்வரை காலடியில் வெளிச்சம் காட்டிக்கொண்டே இருந்தாள். கல் தடுக்குகிற இடங்களில் வட்டம் கொஞ்சம் முந்திக்கொண்டு போய்க் காத்திருந்தது.

பெயின்ட் கடைக்காரர் எதிரில் வந்து நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சம்பந்தியம்மா" என்றார்.

"ஆந்தை" என்றாள் அவள்.

சைக்கிள் கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. லென்ஸம்மாவின் கணவர் அவர் தோளில் கைபோட்டு, "அப்புறம் சொல்றேன், பெரிய கதை" என்றார்.

லென்ஸம்மா கைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்து நீட்டினாள். "இந்தாங்க. சரி பண்ணியாச்சு. கட்டரால வெட்டினா அப்படித்தான் மழமழன்னு இருக்கும். பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. இழுத்துப் பிச்சிருந்தா நானும் நம்பியிருப்பேன்."

"பிச்சிருந்தா உங்க போர்டு போயிருக்கும்" என்றார் அவர் தலையைக் குனிந்தபடி. "அதுக்கு மனசு வரல."

அவள் டார்ச்சை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.

அவர் டார்ச்சை வாங்கிப் பொத்தானை அமுக்கினார். கண்ணாடிக்குள் கடுகளவு ஒரு பொறி தெரிந்தது. மறுபடி அமுக்கினார். அதே பொறி. தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். கைக்குழந்தை அதைப் பார்த்துச் சிரித்தது.

"எரியலையே?"

"எரியுதே. மின்மினி அவ்வளவுதான் எரியும்" என்றாள் லென்ஸம்மா. "நான் பூட்டி வெச்சிருக்கேன். சொல்ல வேண்டியதைச் சொன்னா பூட்டு திறக்கும்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரிக்கத்தான் தொடங்கினார். பாதியில் முகம் மாறியது.

"அன்னைக்கு நீங்க எங்க இருக்கீங்கன்னு கேட்டிருக்கணும். கேட்காம விட்டது தப்புதான் சம்பந்தியம்மா. நீங்க எழுதினதைப் படிச்சப்பதான் மேடை விளக்கு யார் சரி பண்ணாங்கன்னே எனக்குத் தெரியும். உடனே கிளம்பி உங்க வீட்டுக்கு வரத்தான் பார்த்தேன்."

"வர வேண்டியதுதானே? எதுக்கு இத்தனை நாள்?"

"பயம்."

"என்கிட்ட என்ன பயம்?"

"சம்பந்தியம்மா பேசலைன்னா சரி போகட்டும், சமாளிச்சுக்கலாம். நான்தான் ஆந்தைன்னு தெரிஞ்சு மின்மினியும் பேச்சை நிறுத்திட்டா? எங்க வீட்டுல டார்ச்னா ஒரு பொத்தான், ஒரு வெளிச்சம். அதுக்கு மேல பேச ஆரம்பிச்சா ஆளாளுக்கு எழுந்து போயிடுவாங்க."

லென்ஸம்மா தன் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுங்க" என்று டார்ச்சை வாங்கினாள். பொத்தானைச் சில முறை விட்டுவிட்டு அமுக்கினாள். சின்னது, பெரியது, சின்னது. பிறகு மடை திறந்தது போல வெளிச்சம் பாய்ந்தது. அதை அப்படியே அவர் கையில் கொடுத்தாள்.

அவர் பாறைப்பக்கம் திருப்பினார். இவ்வளவு நேரம் எல்லாருடைய வெளிச்சத்திலும் சாம்பலாகவே தெரிந்த பாறை அது. இப்போது துருச் சிவப்பில் வரிவரியாக ஓடியது. நீர் கசிந்த இடத்தில் பாசி இளம்பச்சையாகப் படர்ந்திருந்தது. வெடிப்புகளில் மஞ்சள் மின்னியது. பல் டாக்டர் தன் டார்ச்சைச் சத்தமில்லாமல் அணைத்துவிட்டார்.

"அது தேன் மஞ்சள் இல்ல" என்றார் பெயின்ட் கடைக்காரர் தனக்குள் பேசுவது போல. "அதுல ஒரு பொட்டு கறுப்பு கலக்கணும். அந்தச் சிவப்புக்கு வெள்ளையே சேர்க்கக் கூடாது."

"பாசிக்கு?" என்று கேட்டாள் லென்ஸம்மா.

"பாசிக்கு நீலம் கொஞ்சம் தூக்கலா. பொறுங்க, கிட்டப் போய்க் காட்டறேன்."

இரண்டு பேரும் பாறையை நோக்கி நடந்தார்கள். அவர் வெளிச்சம் காட்ட, அவள் விரலால் சுட்ட, எந்த எல்.இ.டி.யில் எந்த நிறம் தோற்கும் என்று பேச்சு வளர்ந்துகொண்டே போயிற்று. கணவரும் மகளும் பின்னால் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் மற்றவர்களும்.

"அப்பா, இவங்க ரெண்டு பேரும் சண்டை போட்டப்பவே வீடு நிம்மதியா இருந்துச்சு" என்றாள் மகள்.

"இனி நம்மள யாரும்மா கவனிக்கப் போறா" என்றார் அவர். முகமெல்லாம் சிரிப்பு.

பாறையடியில் போய்ச் சேர்ந்ததும் மகள் தொண்டையைச் செருமினாள்.

"அம்மா. மாமா. கொஞ்சம் அதை விட்டுட்டு இங்க பாருங்க. நீங்க ரெண்டு பேரும் பேசற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு நானும் அவரும் முடிவு பண்ணி ஒரு விஷயத்தை வெச்சிருக்கோம். இப்போ சொல்லிடறேன்."

சொன்ன மாத்திரத்தில் இரண்டு டார்ச்சும் அவள் முகத்தின்மேல் திரும்பின. அவள் கண் கூசக் கையால் மறைத்தாள்.

"அதை அணைங்க முதல்ல. எல்லாரும்தான். என் மூஞ்சியைப் பார்த்து ஆளுக்கொண்ணா யூகம் பண்ணுவீங்க. இருட்டா இருந்தாத்தான் எனக்கு வார்த்தை வரும்."

விளக்குப் பைத்தியங்களிடம் யாரும் இதுவரை கேட்காத வேண்டுகோள் அது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லாரிக்காரி அணைத்தாள். வாத்தியார் அணைத்தார். பெயின்ட் கடைக்காரர் தயங்கித் தயங்கி அணைத்தார். கடைசியாக லென்ஸம்மா அணைத்ததும் குவாரி முழுக்க இருட்டு கவிந்தது. தவளைச் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் கையை ஒரு கை வந்து பிடித்தது. கணவர் என்றுதான் முதலில் நினைத்தாள். அவரோ அந்தப் பக்கம் சம்பந்தியிடம் எதையோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். இது சின்னக் கை. சில்லென்று இருந்தது. ஆனால் அந்தக் கைக்காரி இருட்டுக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்பது மூச்சிலேயே தெரிந்தது.

லென்ஸம்மா அந்தக் கையை இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள்.

"சொல்லுடி" என்றாள்.